மெஷினைப் பார்த்தேன், போர்க் குழியைப் பார்க்கவில்லை: ஜியோதெர்மலில் நாலு குளிர்காலம்

பாஸ்டனுக்கு மேற்கே இருக்கும் எங்கள் வீட்டில் 2022 அக்டோபரில் எண்ணெய் பாய்லரைத் தூக்கிவிட்டு ஜியோதெர்மல் போட்டோம். தோட்டத்தில் ஆழமாகப் போர் (துளை) போட்டு, அதற்குள் இறக்கிய குழாயில் (லூப்) தண்ணீரைச் சுற்றவிட்டு, மண்ணின் சூட்டை ஹீட் பம்ப் மெஷினால் வீட்டுக்குள் கொண்டுவரும் ஏற்பாடு அது. போன மாதம் அதற்குப் பெரிய ரிப்பேர். அதே வாரம் நண்பர் ஒருவர், "நானும் ஜியோதெர்மல் போடலாம் என்றிருக்கிறேன், எந்த கான்ட்ராக்டரிடம் கொடுக்கலாம்?" என்று கேட்டார். போனில் கோபமாகச் சொன்னதைக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

குளிர் கூடினால் எங்கள் தெர்மோஸ்டாட்டில் "ஆக்ஸ்" என்று வரும். மண்ணிலிருந்து வரும் சூடு போதவில்லை, 10 கிலோவாட் மின்சார ஹீட்டர் ஓடுகிறது என்று அர்த்தம். மணிக்கு 10 யூனிட். ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று, மூன்றரை யூனிட் சூடு தரும். ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான். 2023 பிப்ரவரி 4 அன்று பாஸ்டனில் மைனஸ் 10 ஃபாரன்ஹீட் வரை இறங்கியது. அந்த ராத்திரி ஹீட்டர் ஓடியதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் சாதாரண 20 டிகிரி நாளிலும் (இங்கே எல்லாமே ஃபாரன்ஹீட்; 32-இல் தண்ணீர் உறையும்) ஓடினால்? போட்டவரை எப்போது கேட்டாலும் "இந்த ஊர்க் குளிர் அப்படி" என்பார்.

இந்தக் குளிர்காலம் மெஷினே நின்றுவிட்டது. வேறு ஒருவரைக் கூப்பிட்டேன். லூப்பிலிருந்து வரும் தண்ணீரை அளந்தார்: 26 டிகிரி. தண்ணீர் உறையாமலிருக்கக் கலக்கும் ஆன்டிஃப்ரீஸும் குறைவாக இருந்ததால் பாதுகாப்பு ஸ்விட்ச் மெஷினை நிறுத்தியிருக்கிறது. அப்புறம், "போர் எத்தனை அடி?" என்றார். என் ஒப்பந்தத்தில் அது இல்லவே இல்லை. போர் போட்டவரின் அறிக்கையைத் தேடி எடுத்தோம். 250 அடியில் இரண்டு. இந்தப் பக்கம் டன்னுக்கு (மெஷினின் திறனை டன்னில்தான் சொல்வார்கள்) 150 முதல் 200 அடி வரை போடுவார்கள். குறைந்தது 600 அடி வேண்டிய எங்கள் 4 டன் மெஷினுக்கு மொத்தமே 500 அடி. மண்ணின் சூடு போதாமல் போனது அதனால்தான்.

முதலில் வந்தவர் வீடு எத்தனை சதுர அடி என்று மட்டும் கேட்டு, கால் மணி நேரத்தில் 4 டன் என்று சொல்லிவிட்டார். ரிப்பேருக்கு வந்தவரோ ஜன்னல்களை அளந்தார், பரண் ஏறி இன்சுலேஷனைப் பார்த்தார், வீட்டுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று வெப்பக் கணக்குப் போட்டார். நான் மாதக்கணக்கில் மெஷின் பிராண்டுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். மெஷின் இருபது, இருபத்தைந்து வருஷத்தில் மாறிவிடும். மண்ணுக்குள் போகும் குழாய் ஐம்பது வருஷம் இருக்க வேண்டியது. இப்போது மூன்றாவது போருக்காகத் தோட்டத்தை மறுபடி தோண்டப் போகிறார்கள். என் மனைவி வைத்த ரோஜாச் செடிகள் அந்த இடத்தில்தான் இருக்கின்றன.

கோடையைப் பற்றிச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அப்போது இதே மெஷின் வீட்டைக் குளிர வைக்கிறது. வெளியே இரைச்சல் போடும் ஏசி யூனிட் கிடையாது. ஜூலையிலும் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசலாம். பேஸ்மென்டில் எண்ணெய் வாடை போய்விட்டது. இந்த ஊரில் ஆழத்து மண் வருஷம் முழுக்க 50 டிகிரியை ஒட்டியே இருக்கிறது; அந்தக் குளிர்ச்சி வீட்டுக்குள் வருவது இன்றைக்கும் எனக்கு அதிசயம்தான். பக்கத்து ஃப்ரேமிங்ஹாமில் எவர்சோர்ஸ் என்ற மின்சார, எரிவாயு நிறுவனம் 2024-இல் ஒரு குடியிருப்புப் பகுதிக்கே பொது லூப் போட்டுக் கொடுத்தது. போரின் ஆழம் அங்கே நிறுவனத்தின் கவலை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

நண்பருக்கு வரிச்சலுகையும் கிடைக்காது. எங்களுக்குக் கிடைத்த 30 சதவீதம் 2025 கடைசியோடு முடிந்துவிட்டது. நேற்று இரண்டு கொட்டேஷன் அனுப்பினார். இரண்டிலும் மெஷின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. வெப்பக் கணக்கும் இல்லை, போர் ஆழமும் இல்லை. இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.