டிசெப்ஷன் தீவின் வேலர்ஸ் பே: கரையிறங்கும் பயணம் பற்றிய மதிப்புரை

அண்டார்க்டிகா செல்லும் சுற்றுலாக் கப்பல்கள் தெற்கு ஷெட்லாந்து தீவுக்கூட்டத்தில் பயணிகளைக் கரையிறக்கும் இடங்களில், டிசெப்ஷன் தீவின் வேலர்ஸ் பே (திமிங்கில வேட்டையர் விரிகுடா) கடற்கரைக்கே நான் முதலிடம் கொடுப்பேன். எங்களை அழைத்துச் சென்ற நிறுவனத்தின் வழிகாட்டுதலுக்கு அத்தகைய மதிப்பெண்ணைத் தர இயலவில்லை.

கப்பல் உள்ளே நுழையும் காட்சிக்கே கட்டணத்தில் பாதியைக் கொடுக்கலாம். நெப்டியூன்ஸ் பெல்லோஸ் என்னும் குறுகலான வாயிலின் நடுவே, நீர்மட்டத்துக்குச் சுமார் 2.5 மீட்டர் ஆழத்தில் ராவ்ன் பாறை பதுங்கியிருப்பதால், கப்பல் ஒருபக்கச் செங்குத்துப் பாறையை ஒட்டியே நகர்கிறது. உலைத்துருத்தியைப் போலக் காற்று சீறும் இடமாதலால் அந்தப் பெயர் முற்றிலும் பொருத்தமானது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சாதாரணத் தீவாகத் தோன்றினாலும், உள்ளே கடல்நீர் நிறைந்த எரிமலைப் பெருவாயைக் கொண்டிருப்பதே தீவுக்கு டிசெப்ஷன் (ஏமாற்று) என்ற பெயர் வரக் காரணம்.

ரப்பர் படகிலிருந்து இறங்கியதும் காலடியில் கறுத்த எரிமலை மணல். நீர் வடியும் விளிம்பில் மெல்லிய ஆவி எழுகிறது. அதற்கு மேலே, நார்வேயின் ஹெக்டர் நிறுவனம் 1912 முதல் 1931 வரை திமிங்கில எண்ணெய் காய்ச்சிய கொதிகலன்களும் பெருந்தொட்டிகளும் துருவேறி நிற்கின்றன. 1969 எரிமலை வெடிப்பின்போது பாய்ந்த சேற்றுவெள்ளம் அருகிலிருந்த பிரிட்டிஷ் ஆய்வு நிலையத்தைச் சிதைத்து, கல்லறைத் தோட்டத்தையும் புதைத்துவிட்டது.

குறை இங்கேதான் தொடங்குகிறது. இந்தச் சிதிலங்களால்தான் விரிகுடாவுக்குப் பெயர் வந்தது என்று வழிகாட்டி விளக்கினார். உண்மையில், கரையில் ஆலை எழுவதற்கு முன்பே, மிதக்கும் ஆலைக் கப்பல்கள் இங்கே நங்கூரமிட்டிருந்த காலத்தில், 1908-10 பிரெஞ்சுப் பயணத்தின் தலைவர் சார்கோ சூட்டிய பெயர் அது. உள்துறைமுகமான போர்ட் ஃபாஸ்டர், 1829இல் புவியீர்ப்பை அளக்க ஊசல் சோதனைகள் நடத்திய ஹென்றி ஃபாஸ்டரின் பெயரைத் தாங்குகிறது. பெண்டுலம் கோவ் என்ற பெயர் அச்சோதனைகளையே குறிக்கிறது. இவற்றில் ஒன்றுகூட எங்களுக்குச் சொல்லப்படவில்லை. பெயர்களைத் தவிர்த்துவிட்டு இந்தத் தீவின் நிலவியலை எப்படித்தான் விளக்க முடியும்?

பாதுகாப்பு ஏற்பாடுகளும் காலணிகளைச் சுத்தம் செய்யும் ஒழுங்கும் குறைசொல்ல இடமின்றி இருந்தன. ஆயினும் ஒரே சமயத்தில் 100 பேருக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது என்ற விதியால் குழுக்களாகக் காத்திருக்க நேர்ந்து, நெப்டியூன்ஸ் விண்டோ என்னும் மலையிடுக்குக்கு ஏறும் அவகாசம் எங்கள் குழுவுக்குக் கிட்டவில்லை. ஆகவே, பயணிகள் குறைவாக உள்ள சிறிய கப்பலையே தேர்ந்தெடுக்குமாறும், பெயர்கள் குறித்த தீவு வரைபடம் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுமாறும் பரிந்துரைக்கிறேன்.