எங்கள் ஊர் எஃப்.எம்.: காலையில் அருமை, இரவில் ஆளில்லை

இந்த நிலையத்தின் முதலாளி உள்ளூர்க்காரர். காலை நிகழ்ச்சி நடத்தும் ஆர்.ஜே.வும், விளம்பரம் பிடிக்கக் கடைகடையாக ஏறி இறங்குபவரும் அப்படியே. காதில் விழும் வித்தியாசமெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

காலை நேரத்தில் இதைத் தவிர வேறெதையும் நான் வைப்பதில்லை. பாட்டு மட்டும் போதும் என்றால் கைப்பேசியில் ஏதாவது ஒரு செயலி இருக்கிறது. ஆனால் பாலத்தடியில் தண்ணீர் நிற்கிறது, சுற்றிப் போங்கள் என்று அது சொல்லாது. பெருமழை கொட்டிய ஒரு காலையில் இந்த ஆர்.ஜே. பாட்டைப் பாதியில் நிறுத்தினார். நேயர்கள் போன் செய்து சொல்லச் சொல்ல, எந்தெந்தத் தெருவில் போக முடியாது என்று அறிவித்துக்கொண்டே இருந்தார். சந்துப் பெயர்களில்கூட அவர் தடுமாறவில்லை. அங்கெல்லாம் நடந்து பழகியவர் என்பது குரலிலேயே தெரிந்தது.

அமெரிக்காவில் ஒரே நிறுவனம் நாடு முழுக்க எத்தனை வானொலி நிலையங்கள் வைத்திருக்கலாம் என்பதற்கு இருந்த வரம்பை 1996-ல் ஒரு சட்டம் நீக்கியது. சில ஆண்டுகளிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் ஒரே நிறுவனத்தின் கைக்குப் போயின. எங்கோ இருந்து முன்கூட்டியே பதிவு செய்த குரல் பல ஊர்களில் ஒலிக்கும் வழக்கமும் பெருகியது. அந்தக் குரலுக்கு நம் ஊர் மழை எப்படித் தெரியும்? எங்கள் நிலையத்தை யாரும் விலைக்கு வாங்கிவிடக் கூடாது என்று நான் கவலைப்படுவது இதனால்தான்.

விளம்பரங்களையும் விடாமல் கேட்கிறேன். சில கடைக்காரர்கள் தாங்களே பேசுகிறார்கள், கொஞ்சம் கூச்சத்தோடு. நிலையம் ஓடுவதே இந்தக் காசில்தான், நாம் சந்தா கட்டுவதில்லை. அதற்காக ஒரே இடைவேளையில் ஏழெட்டு விளம்பரங்களை அடுக்குவது ரொம்ப அதிகம்.

ஒலித்தரம் சுமார். மற்ற நிலையங்களைவிட சத்தமாகக் கேட்க வேண்டும் என்று ஒலியை அழுத்திவிடுகிறார்கள். மெல்லத் தொடங்கும் புல்லாங்குழலும் அப்புறம் வரும் மேளமும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. பழைய பாடல்களுக்கு இது பெரிய அநியாயம். ஊர் எல்லையில் இருப்பவர்களுக்கு இரைச்சல் வந்தால், ரேடியோவில் ஸ்டீரியோவை அணைத்து மோனோவுக்கு மாற்றிப் பாருங்கள், நன்றாகவே குறையும். போட்டிகளில் கலந்துகொள்பவர்கள் ரேடியோவிலேயே கேளுங்கள். இணைய ஒலிபரப்பு சில வினாடிகளாவது பிந்தித்தான் வரும், அதற்குள் வேறொருவர் பதில் சொல்லியிருப்பார்.

இரவு ஒன்பதைத் தாண்டினால் எல்லாவற்றையும் கணினியிடம் விட்டுவிடுகிறார்கள். நேற்றைய பாடல்களே சற்று இடம் மாறி வருகின்றன. வெளியே இடி இடிக்கும்போதும் பதிவு செய்த குரல் 'இதமான இரவு' என்கிறது. காலையில் அவ்வளவு அக்கறையாகப் பேசும் நிலையம் இப்படிச் செய்வதுதான் வருத்தமாக இருக்கிறது. இரவு வேலைக்குப் போகிறவர்களும் நேயர்கள்தானே? முழு இரவுக்கும் ஆள் வைக்கச் செலவாகும், புரிகிறது. பன்னிரண்டு மணி வரைக்குமாவது, இந்த ஊரிலேயே வாய்ப்புத் தேடும் ஓர் இளைஞரிடம் மைக்கைக் கொடுத்து நேயர் விருப்பம் நடத்தலாம். முதல் அழைப்பு என்னுடையதாக இருக்கும்.