கோவையிலிருந்து நெடும்பயணம்: ஹைபிரிட் எஸ்யூவியா, டீசலா?

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி. திருச்செங்கோடு பக்கம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி. கொங்கு நாட்டில் பாதிப் பேர் டீசலை நம்பித்தான் பிழைத்திருக்கிறார்கள். அதனால் ஹைபிரிட் கார் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் வாய் திறந்தால், "பெட்ரோல் வண்டிய வெச்சுட்டு அத்தன பேரோட மலையேற முடியுங்களா மாப்ள?" என்று கேட்க ஒரு மாமா கட்டாயம் இருப்பார். கேள்வி நியாயமானதுதான். ஷோரூமில் சொல்லும் 28 கிலோமீட்டர் மைலேஜை அப்படியே நம்புகிறவரும் ஏமாறுவார், மாமா பேச்சை அப்படியே நம்புகிறவரும் ஏமாறுவார்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு வழிச்சாலையில் நூறுக்கு மேல் விரட்டிக்கொண்டே போகிற ஆளுக்கு ஹைபிரிட்டால் எரிபொருள் காசு மிச்சமாகாது, டீசலே போதும். ஆனால் நம் பக்கத்துக் குடும்பங்களின் நெடும்பயணம் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. பாதி தூரம் பைபாஸ், அப்புறம் ஊருக்குள் ஊர்ந்து, மண்டப வாசலில் காத்திருந்து, மலையில் வரிசையில் நின்று போய்ச் சேருவதுதான் நம் பயணம். இந்த மாதிரி ஓட்டத்துக்கு ஹைபிரிட்டைத்தான் எடுப்பேன்.

எதை எதோடு ஒப்பிடுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து பேர் வண்டியில் மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டும் ஒரே ஹைபிரிட் அமைப்புதான்: மூன்று சிலிண்டர் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், கூடவே பேட்டரியில் ஓடும் ஒரு மின் மோட்டார், இரண்டும் சேர்ந்து 116 குதிரைத்திறன். அரசு சோதனை மைலேஜ் 27.97. எதிரில் ஹூண்டாய் கிரெட்டா 1.5 டீசல், அதுவும் 116 குதிரைத்திறன். மேனுவலுக்கு 21.8, ஆட்டோமேட்டிக்குக்கு 19.1. ஏழெட்டுப் பேர் வண்டியில் இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் ஒரு பக்கம், பழைய இன்னோவா கிரிஸ்டா டீசல் மறுபக்கம். ஒரு எச்சரிக்கை: விட்டாராவும் ஹைரைடரும் 'மைல்டு ஹைபிரிட்' என்றும் விற்கப்படுகின்றன. அதில் பேட்டரியால் மட்டும் சக்கரம் சுழலாது. நான் பேசப்போவது பேட்டரியால் மட்டுமே சக்கரத்தைச் சுழற்றக்கூடிய ஸ்ட்ராங் ஹைபிரிட்டைப் பற்றி மட்டும்.

முதலில் பைபாஸ். ஹைபிரிட்டின் மிச்சம் பெரும்பாலும் பிரேக்கில்தான் பிறக்கிறது. கால் எடுத்தாலோ பிரேக் மிதித்தாலோ மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வெப்பமாக வீணாகப் போகவேண்டியதைப் பேட்டரிக்கு அனுப்பும். அடுத்த தடவை நகரும்போது அந்த மின்சாரம் கைகொடுக்கும். அவிநாசியில் ஏறி சேலம் வரை நிற்காமல் போனால் பிரேக் எங்கே மிதிக்கிறோம்? விஜயமங்கலம், வைகுந்தம் டோல்கேட்டுகளில் வேகம் குறைத்தால் உண்டு. மீதி நேரமெல்லாம் இன்ஜின்தான் இழுக்கிறது. அதோடு ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலை விடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆற்றல் அதிகம். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக ஹைபிரிட் ஓட்டப்பந்தயத்தை ஓரடி பின்னாலிருந்துதான் தொடங்குகிறது.

ரூபாயில் பார்ப்போம். கோவையிலிருந்து சென்னை ஏறக்குறைய 500 கிலோமீட்டர். கணக்குக்கு பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எண்பது, தொண்ணூறில் பொறுமையாகப் போனால் ஹைரைடர் 22 கொடுக்கலாம், கிரெட்டா மேனுவல் 20 கொடுக்கலாம். செலவு முறையே 2,295 ரூபாய், 2,325 ரூபாய். அதாவது சமம். நூற்றுப்பத்தில் விரட்டினால் ஹைபிரிட் 18-க்கு இறங்கும், டீசல் பதினேழரை. இப்போது 2,806-க்கு எதிரே 2,657. டீசல் 150 ரூபாய் முன்னால். வழியில் ஐந்து பேர் காபி குடித்தால் தீர்ந்துபோகும் வித்தியாசம் இது. சென்னைப் பயணத்தில் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஹைபிரிட் வாங்குவதிலும் அர்த்தமில்லை, டீசல் வாங்குவதிலும் அர்த்தமில்லை.

மிச்சம் பிடிக்க விரும்பினால் வலது காலைத்தான் பார்க்க வேண்டும். எண்பதிலிருந்து நூற்றுப்பத்துக்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு பங்காளியும் உண்டு: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. உடுமலை, பல்லடம், தாராபுரம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே ஆடிக் காற்றுதான் வாளையார் வழியாக குருவாயூர் போகிறவனின் முகத்தில் அடிக்கிறது. எண்பதில் போகும் வண்டிக்கு முப்பது வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால், காற்றைப் பொறுத்தவரை வண்டி நூற்றுப்பத்தில் போகிறது. போகும்போது ஒரு மைலேஜ், வரும்போது வேறு மைலேஜ். "போன வாரம் 23 காட்டுச்சு, இன்னைக்கு 18தான் காட்டுது" என்று சர்வீஸ் சென்டரில் சண்டை பிடிப்பவர்களில் சிலரது குற்றவாளி இந்தக் காற்றாகவும் இருக்கலாம். மைலேஜ் பார்க்க விரும்பினால் ஃபுல் டேங்க் அடித்து, போய்த் திரும்பி, அதே பங்க்கில் மறுபடி ஃபுல் டேங்க் அடித்துக் கணக்குப் போடுங்கள். ஒருவழிக் கணக்கு உதவாது.

ஊருக்குள் நுழைந்தால் ஆட்டம் தலைகீழ். அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறந்து பத்து கிலோமீட்டர் மேலாகவே போய்விடலாம் என்றாலும், காந்திபுரம், திருப்பூர், ஈரோடு உள்சாலைகள் மாறவில்லை. அங்கே ஹைரைடர் இருபதுக்கு மேல் தரும், கிரெட்டா டீசல் பதினான்கு, பதினைந்தில் திணறும். கிலோமீட்டருக்கு ஒன்றரை இரண்டு ரூபாய் மிச்சம். ஹைபிரிட்காரருக்குக் காசு மிச்சமாவது பயணத்தில் இல்லை, காய்கறி வாங்கப் போகும்போதுதான்.

இனி மலை. கொங்கு நாட்டுக்காரருக்கு நெடும்பயணம் என்றால் முடிவில் ஒரு மலை இருக்கும். ஊட்டி, வால்பாறைக்கு ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு, ஏற்காடு 20, திம்பம் 27, கொல்லிமலை 70. இங்கேதான் இரண்டு வண்டிகளின் குணமும் வெளியே வரும்.

ஏற்றத்தில் டீசலுக்கு 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போதே கிடைக்கிறது. குன்னூர் சாலையில் அரசுப் பேருந்தை முந்த வேண்டுமானால் இரண்டாவது கியரில் லேசாக மிதித்தால் போதும், முணுமுணுக்காமல் ஏறும். ஹைபிரிட்டில் பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை மோட்டார் தோள் கொடுக்கும், பிக்கப் அருமையாக இருக்கும். ஐந்து பேர், டிக்கி நிறையப் பெட்டி என்று தொடர்ந்து ஏறினால் சார்ஜ் இறங்கிவிடும். அப்போது மூன்று சிலிண்டரும் உச்சக்குரலில் கத்தும். கத்துகிற அளவுக்கு வேகம் வராதது போல் தோன்றும். வண்டி ஏறாமல் நிற்காது, மாமாவின் பயம் அந்த அளவுக்குத் தேவையில்லை. பின்சீட்டில் தூங்குகிற அம்மாச்சி மட்டும் எழுந்துவிடுவார்.

ஆனால் சீசனில் ஊட்டிக்குப் போயிருக்கிறவருக்குத் தெரியும், அங்கே யாரும் யாரையும் முந்துவதில்லை. கல்லாறு தொடங்கி வரிசை. நகர்ந்து, நின்று, நகர்ந்து. மேனுவல் டீசலில் இடது முழங்கால் வலிக்கும், முன்னால் நிற்கும் வண்டியிலிருந்து கிளட்ச் கருகும் வாசனை வரும், கொஞ்ச நேரத்தில் அது நம் வண்டிதானோ என்று சந்தேகமும் வரும். ஹைபிரிட்டில் கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. பத்தடி நகர மோட்டாரே போதும், சத்தமில்லாமல் நகரும். மேட்டில் ஊர்ந்தால் சார்ஜ் சீக்கிரம் தீரும், இன்ஜின் அடிக்கடி எழுந்து சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி அணையும். இருந்தாலும் ஓட்டுகிறவன் உடம்புக்கு இது பெரிய நிம்மதி. டீசலிலும் ஆட்டோமேட்டிக் எடுத்தால் கால்வலி போகும், மைலேஜில் இரண்டு மூன்று கிலோமீட்டரும் கூடவே போகும்.

இறக்கத்தைப் பற்றி ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 325 மீட்டர்தான். ஆட்களும் பெட்டியுமாக 1,600 கிலோ எடையுள்ள வண்டி 1,900 மீட்டர் இறங்கினால், கரண்ட் பில் கணக்கில் சுமார் எட்டு யூனிட் ஆற்றல் வெளிவரும். ஹைரைடர் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 0.76 யூனிட். டயர், காற்று எல்லாம் தின்றதுபோக மீதியைப் பார்த்தாலும் பேட்டரி பாதி வழிக்கு முன்பே நிறைந்துவிடும். நிறைந்த பிறகு வரும் மின்சாரத்தை எங்கே கொட்டுவது? பெட்ரோல் ஊற்றாமலேயே இன்ஜினைச் சுழற்றி அதில் கொட்டும். மிதிக்காத ஆக்சிலரேட்டருக்கு இன்ஜின் ஏன் இப்படி அலறுகிறது என்று முதல் தடவை இறங்குகிறவர்கள் பதறிப்போவார்கள். கோளாறு ஒன்றும் இல்லை, அதுதான் இந்த வண்டியின் இன்ஜின் பிரேக். இறக்கம் தொடங்கும்போதே கியர் லீவரை 'B'-யில் (பிரேக்குக்கான B, பார்க்கிங்குக்கான P அல்ல) போட்டுவிட்டால் பிரேக் சூடாகாது. டீசல்காரர் சாலையோரப் பலகையில் எழுதியிருக்கிறபடி இரண்டாவது கியரில் இறங்கினால் போதும். மேலே இருந்து கீழே வரும்வரை டிஸ்பிளேயில் மைலேஜ் 99 காட்டுவதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறவர்களை மன்னித்துவிடலாம்.

சொகுசு என்றால் சீட்டும் சஸ்பென்ஷனும் மட்டும் என்று நினைக்கிறோம். நம் வெயிலுக்கு ஏசியும் சொகுசில் சேர்த்திதான். ஹைபிரிட்டில் ஏசி கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுகிறது, இன்ஜின் அணைந்திருந்தாலும் குளிர் வரும். சித்திரையில் கரூர் மண்டப வாசலில், உள்ளே தாலி கட்டி முடிகிறவரை கைக்குழந்தையோடு வண்டியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும். அவ்வப்போது இன்ஜின் எழுந்து சில நிமிடம் ஓடும், அவ்வளவுதான். டீசலில் அதே நேரம் முழுக்க இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனால் டிக்கியில் ஹைபிரிட் தோற்கிறது. விட்டாராவின் மைல்டு ஹைபிரிட்டில் 373 லிட்டர் இடம், ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் பேட்டரி உட்கார்ந்துகொள்வதால் 265-தான். ஐந்து பேரின் மூன்று நாள் துணி, திரும்பும்போது சம்பந்தி வீட்டுத் தேங்காய் மூட்டை எல்லாம் அதில் போகாது. பின்சீட்டில் உயரமானவர்கள் உட்காரவும் கிரெட்டாதான் தாராளம். பைபாஸில் நூறில் போகும்போது நான்கு சிலிண்டர் டீசல் அமைதியாகவும் இருக்கிறது. டீசல் என்றாலே கடகட என்ற காலம் போய்விட்டது.

பெரிய வண்டி ஜோடியில் கதை வேறு. கிரிஸ்டா லாரி போலத் தனிச் சட்டத்தின் மேல் கட்டிய வண்டி, பின்சக்கரம் தள்ளுகிறது. ஹைகிராஸ் கார் போல ஒரே உடலாகக் கட்டியது, முன்சக்கரம் இழுக்கிறது. மலை வளைவுகளில் கிரிஸ்டாவின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தவரிடம் கேளுங்கள். வாந்திப் பை கையிலேயே இருந்திருக்கும். ஹைகிராஸில் அந்த ஆட்டம் வெகுவாகக் குறைவு, தரையும் சமம், மேல் வேரியண்டில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும் சீட்டும் உண்டு. மைலேஜில் ஹைகிராஸ் 16, கிரிஸ்டா 13 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 6.30-க்கு எதிரே 7.15 ரூபாய். வருடம் 20,000 கிலோமீட்டர் ஓடினாலும் மிச்சம் 17,000 ரூபாய்தான். இரண்டுக்கும் விலையில் சில லட்சம் வித்தியாசம் இருப்பதால், எரிபொருளை மட்டும் வைத்து அந்தப் பணம் திரும்பாது. கூடுதல் காசு முதுகுக்கும் வயிற்றுக்கும் கொடுக்கிற காசு. பெரியவர்களைப் பழனிக்கும் குலதெய்வம் கோயிலுக்கும் அடிக்கடி கூட்டிப்போகிற வீடு என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். தோட்டத்துச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதையில், தினம் இறங்கி ஏறுகிறவர், வண்டி நிறைய ஆள் ஏற்றுகிறவர் கிரிஸ்டாவோடு இருப்பதே நல்லது.

பராமரிப்பில் பெரிய வேறுபாடு சொல்ல ஒன்றுமில்லை. ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி. டெல்லியில் பேசப்படும் பத்து வருட டீசல் தடை இங்கே கிடையாது, அதைச் சொல்லிப் பயமுறுத்துகிறவரை நம்ப வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இப்போதைய புகைக் கட்டுப்பாட்டு விதியான பிஎஸ்6-படி வரும் டீசலின் புகைபோக்கியில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சூடேறிக் கரியை எரித்துக்கொள்ள வண்டி அவ்வப்போது பைபாஸில் கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். வாரம் முழுக்க ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்துக்கும் கடைக்குமே ஓட்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும். டீசல் எடுப்பவர் அப்படிப்பட்ட ஓட்டம் தன்னுடையதா என்று வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளட்டும்.