சாட்டர்ன், பிளேஸ்டேஷன், நின்டெண்டோ 64: எது எதுல ஜெயிச்சுது?

90கள்ல வந்த இந்த மூணு வீடியோ கேம் மெஷினப் (சேகாவோட சாட்டர்ன், சோனியோட பிளேஸ்டேஷன், நின்டெண்டோவோட 64) பத்தி பேச்சு வந்தாலே எல்லாரும் எத்தனை பிட், எத்தனை மெகாஹெர்ட்ஸ்னு பிராசஸர் கணக்குல ஆரம்பிச்சிடுறாங்க. அந்த நம்பர மட்டும் பாத்தா ஜெயிச்சிருக்க வேண்டியது நின்டெண்டோ 64தான். அதோட பிராசஸர் 93.75 மெகாஹெர்ட்ஸ், பிளேஸ்டேஷனோடது கிட்டத்தட்ட 33.9, சாட்டர்ன்ல 28.6ல ஓடுற ஹிட்டாச்சி சிப் ரெண்டு. ஆனா விற்பனைல பிளேஸ்டேஷன் 10 கோடியத் தாண்டுச்சு, நின்டெண்டோ 64 சுமார் 3.3 கோடியோட நின்னுச்சு, சாட்டர்ன் ஒரு கோடியக்கூட தொடல. என்னைக் கேட்டா பெரிய காரணம் ஒண்ணுதான், கேம் சிடில வந்துச்சா, இல்ல கார்ட்ரிட்ஜ்ல, அதாவது மெஷின்ல சொருகுற சிப் வெச்ச பிளாஸ்டிக் டப்பால வந்துச்சாங்குறது.

இதுல கொடுமை என்னன்னா, சோனி முதல்ல நின்டெண்டோ கூடத்தான் இருந்துச்சு. நின்டெண்டோவோட முந்தின மெஷினான சூப்பர் நின்டெண்டோவுக்கு சிடி டிரைவ் பண்ணித் தர்றதா பேச்சு, சோனி பக்கம் அதுக்கு உழைச்ச ஆளு கென் குடராகி. 1991 ஜூன்ல சிகாகோ கண்காட்சில சோனி அத அறிவிச்ச மறுநாளே நின்டெண்டோ வந்து நாங்க பிலிப்ஸ் கூட போறோம்னு சொல்லிடுச்சு. ஒப்பந்தப்படி சிடி கேம்களோட கட்டுப்பாடு சோனி கைக்குப் போயிடும்னு நின்டெண்டோ பயந்தது நியாயமான பயம்தான், ஆனா அப்படி அவங்க வெட்டி விட்ட குடராகியே 1994 டிசம்பர் 3ல ஜப்பான்ல பிளேஸ்டேஷனோட வந்து நின்னாரு.

சரி, சிடிக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் வருவோம். ஒரு சிடில சுமார் 650 எம்பி போடலாம், நின்டெண்டோ 64 கார்ட்ரிட்ஜ் 4 எம்பில ஆரம்பிச்சு அதிகபட்சம் 64 எம்பி. சூப்பர் மாரியோ 64 மொத்தமே 8 எம்பிதான், அதுக்குள்ள அவ்ளோ பெரிய உலகத்த அடைச்சது இன்னிக்கும் எனக்கு ஆச்சரியம். ஆனா எல்லா கேமையும் அப்படி சுருக்க முடியாதே. அதுவரைக்கும் நின்டெண்டோ மெஷின்கள்லயே வந்துட்டு இருந்த ஃபைனல் ஃபேன்டஸிங்குற கேம் வரிசை, ஏழாவது பாகத்துக்கு 1997ல மூணு சிடியோட பிளேஸ்டேஷனுக்கு போயிடுச்சு. இடத்த விட பெரிய விஷயம் காசு. சிடி அடிக்கிறது ரொம்ப மலிவு, கேம் ஓடுச்சுன்னா சில நாள்லயே இன்னும் அடிச்சு கடைக்கு அனுப்பலாம். கார்ட்ரிட்ஜ்னா சிப் விலை, அதுவும் பல வாரம் முன்னாடியே இத்தனை வேணும்னு ஆர்டர் போட்டு காசு கட்டணும், கேம் ஊத்திக்கிச்சுன்னா அத்தனையும் குடோன்ல தூங்கும். சின்ன கம்பெனி புதுசா ஏதாவது முயற்சி பண்ணணும்னா எந்தப் பக்கம் போகும்? பிளேஸ்டேஷன்ல அவ்ளோ விநோதமான கேமெல்லாம் குவிஞ்சது இதனாலதான்.

கார்ட்ரிட்ஜுக்கு ஒரு பெரிய ப்ளஸ் இருக்கு, லோடிங் கிடையாது. பிளேஸ்டேஷனோட டிரைவ் நொடிக்கு 300 கேபிதான் படிக்கும், மெயின் மெமரி 2 எம்பி, அத ஒரு தடவ முழுசா நிரப்பவே ஏழு நொடி ஆகும். கேம்ல ஒவ்வொரு கதவு திறக்கவும் காத்திருந்தவங்களுக்கு அந்த வலி தெரியும். கிராஷ் பேண்டிகூட் பண்ண நாட்டி டாக் ஆளுங்க மட்டும் ஆடிட்டு இருக்கும்போதே அடுத்த இடத்த சிடிலேர்ந்து இழுத்துட்டே இருக்குற மாதிரி பண்ணிட்டாங்க, அது தனி கெட்டிக்காரத்தனம்.

படம் எப்படி தெரியுதுன்னு பாத்தா மூணும் மூணு ரகம். பிளேஸ்டேஷன்ல சுவரெல்லாம் லேசா நடுங்கும், தரைல இருக்குற கோடு நடக்க நடக்க வளையும். 3டி உருவமெல்லாம் குட்டிக் குட்டி முக்கோணமா வரையுறதுதான், பிளேஸ்டேஷன் அந்த முக்கோணத்தோட முனைகள முழு பிக்சல்லதான் நிறுத்தும், டெக்ஸ்சர், அதாவது அதுமேல ஒட்டுற படத்த ஒட்டும்போது தூரத்தையும் கணக்குல எடுக்காது, அதான் காரணம். நின்டெண்டோ 64 இது ரெண்டையும் ஒழுங்கா பண்ணும், எது முன்னாடி எது பின்னாடின்னு பிக்சல் பிக்சலா கணக்கும் வெச்சுக்கும், ஆனா டெக்ஸ்சருக்கு அதுல இருந்த சின்ன மெமரி வெறும் 4 கேபி. 16 பிட் கலர்ல 32க்கு 64 பிக்சல் படம் ஒண்ணு போட்டாலே அது ரொம்பிடும். அந்தக் குட்டிப் படத்த பெரிய சுவர் முழுக்க இழுத்து, மேல பிக்சல மழுப்புற ஃபில்டரும் போட்டா மங்கலாதானே தெரியும்? எனக்கு நடுங்குற பிளேஸ்டேஷன் படமே பரவால்ல, குறைஞ்சது சுவர்ல என்ன வரைஞ்சிருக்குன்னு தெரியுது.

சாட்டர்ன் கதைதான் மனச போட்டு பிசையும். ரெண்டு சிபியூ இருக்கே, ரெட்டை வேகம்னு நெனைக்காதீங்க, ரெண்டும் ஒரே மெமரிக்கு போகணும், ஒண்ணு எடுக்கும்போது இன்னொண்ணு காத்திருக்கணும். மத்தவங்க முக்கோணத்துல 3டி வரைஞ்சப்ப இது நாற்கரத்துல வரைஞ்சுது, ஏன்னா அடிப்படைல இது 2டி உருவத்த இழுத்து வளைச்சு 3டி காட்டுற மெஷின். ஆனா 2டின்னு வந்துட்டா இத அடிச்சுக்க ஆளில்ல! 1997ல எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்ங்குற சண்டை கேம் ஜப்பான்ல 4 எம்பி கூடுதல் மெமரி கார்ட்ரிட்ஜோட வந்துச்சு, சண்டை நடுவுல ஆள மாத்துறது உட்பட ஆர்கேட்ல, அதாவது காசு போட்டு ஆடுற கடை மெஷின்ல இருந்த மாதிரியே. பிளேஸ்டேஷனுக்கு வந்தப்ப நாலு ஆளோட உருவத்தையும் வெக்க மெமரி பத்தாம அந்த ஆள் மாத்துறதையே தூக்கிட்டாங்க, அந்த கேமோட உயிரே அதுதான்.

விலைல சேகா தானே போய் குழில விழுந்துச்சு. 1995 மே 11ல இ3ங்குற கேம் கண்காட்சில, செப்டம்பர்ல வரவேண்டிய சாட்டர்ன் இன்னிக்கே அமெரிக்கால விற்பனைன்னு அறிவிச்சாங்க, விலை 399 டாலர். சரக்கு கிடைக்காத கடைக்காரங்க கடுப்பாயிட்டாங்க, கேம் பண்றவங்களும் தயாரா இல்ல. அதே நாள் சோனி சார்பா ஸ்டீவ் ரேஸ் மேடை ஏறி '299'னு மட்டும் சொல்லிட்டு இறங்கிட்டாரு. நின்டெண்டோ 64 அடுத்த வருஷம் செப்டம்பர்ல 199 டாலருக்கு வந்துச்சு. மெஷின் மலிவு, ஆனா கேம்ல அந்தக் காச பிடிச்சிட்டாங்க.

கன்ட்ரோலர்ல மட்டும் நின்டெண்டோவுக்கு முழு மார்க். இந்த மூணுல அனலாக் ஸ்டிக்க (எவ்ளோ தள்ளுறோமோ அவ்ளோ அளவுக்கு வேலை செய்யுற குச்சி) முதல் நாள்லேர்ந்தே மெஷினோட கொடுத்தது அவங்கதான், மாரியோ மெதுவா நடக்குறதும் ஓடுறதும் அந்த ஸ்டிக்க எவ்ளோ தள்ளுறோம்ங்குறதுலயே இருந்துச்சு. சோனி ரெண்டு ஸ்டிக் வெச்ச டூயல்ஷாக் கன்ட்ரோலர கொண்டு வந்தது 1997லதான். அதோட நின்டெண்டோ 64ல நாலு பேர் ஆட நாலு போர்ட் மெஷின்லயே இருந்துச்சு, மத்த ரெண்டுலயும் ரெண்டுதான். கோல்டன்ஐங்குற சுடுற கேம்ல திரைய நாலா பிரிச்சு ஆடுன கூட்டத்துக்கு இத விளக்கவே வேணாம்.

இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு எடுக்கணும்னா, ஆழமா உக்காந்து ஆடுற கதை கேமுக்கு பிளேஸ்டேஷன், ஆளுங்க சேந்து ஆட நின்டெண்டோ 64, ஃபைட்டிங்கும் ஷூட்டிங்கும் பிடிச்சா யோசிக்காம சாட்டர்ன். நின்டெண்டோ 64 எடுத்தா ஸ்டிக்க கைல பிடிச்சு ஆட்டிப் பாத்துட்டு வாங்குங்க, உள்ள பிளாஸ்டிக் தேஞ்சு தொளதொளன்னு இருக்கும். சாட்டர்ன் எடுத்தா பின்பக்க மூடிய திறந்து சிஆர்2032 பேட்டரிய முதல்ல மாத்திடுங்க, அது செத்தா மெஷினுக்குள்ள இருக்குற சேவ், அதாவது ஆடி சேத்து வெச்சது மொத்தமும் காலி.