சோனி எஸ்டிஆர்-டிஎச்190: லயத்து வீட்டுக்கு இது போதும்

தோட்டத்து லயத்துல, அதாவது வரிசை வீட்டுல, வைக்கக் குறைந்த விலையில் ஸ்டீரியோ ரிசீவர் (ரேடியோவும் ஸ்பீக்கரை ஓட்டுற ஆம்ப்ளிஃபையரும் ஒண்ணா இருக்கிற செட்) தேடுறவங்க வாட் கணக்கை அப்புறம் பாருங்க, முதல்ல பெட்டியைத் திருப்பிப் பின்னால இருக்கிற ஸ்டிக்கரைப் படிங்க. இலங்கையில நம்ம கரண்ட் 230 வோல்ட். ஜப்பானில இருந்து இறக்கி விக்கிற பழைய செட்டெல்லாம் 100 வோல்ட்டுக்குச் செஞ்சது. தனியா ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் வேணும். அதைக்கூடப் பொறுத்துக்கலாம், ரேடியோவுக்கு என்ன செய்ய? ஜப்பான்ல எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில தொடங்கும்; பழைய செட்டுல 90ஓட முடிஞ்சிடும். நம்ம சூரியன் எஃப்எம்மும் சக்தி எஃப்எம்மும் 100க்கு மேல. ஹட்டன்ல ஒரு கடைக்காரர், "டீச்சர், சவுண்டைக் கேட்டுட்டுப் பேசுங்க"ன்னு அப்படி ஒரு செட்டைப் போட்டுக் காட்டினார். சத்தம் அருமைதான். ட்யூனரைத் திருப்பச் சொன்னேன், மனுசன் டீ குடிக்கிறீங்களான்னு கேட்டார்.

புதுசா வாங்குறதுன்னா என் கணக்குல ரெண்டே ரெண்டுதான் நின்னுச்சு: யமஹா ஆர்-எஸ்202, சோனி எஸ்டிஆர்-டிஎச்190. ரெண்டிலயும் ப்ளூடூத் இருக்கு, எஃப்எம் இருக்கு. யமஹாவில இசைத்தட்டுக்கான ஃபோனோ இணைப்பு இல்ல. சோனியில இருக்கு. எங்க அப்பா சேர்த்து வச்ச தட்டுகள் தகரப் பெட்டி நிறையக் கிடக்கு, அதனால எனக்கு யோசிக்க வேண்டி வரல. தட்டே இல்லாத வீடுன்னா யமஹாவையும் தாராளமாப் பாருங்க. வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்க மூலமா எடுப்பிக்கிறவங்க கவனம்: அமெரிக்காவுக்கு வர்றது 120 வோல்ட். நேரா நம்ம ப்ளக்குல சொருகினா புகைதான்.

சோனி பெட்டியில 100 வாட்னு போட்டிருக்கு. லயத்துக் காம்பரா அறைக்குள்ள அதுல சில வாட்டைத் தாண்ட மாட்டோம். வாட்டை ரெட்டிப்பாக்கினா கூடுறது வெறும் 3 டெசிபல். கடையில 50க்கும் 100க்கும் நடக்கிற வாக்குவாதத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு. ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும்னு ஸ்பீக்கர்லயும் டெசிபல்ல போட்டிருப்பாங்க; 86 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலா 89 எடுத்தீங்கன்னா அதே லாபம் சும்மா கிடைக்குது. கையில இருக்கிற காசில பெரும்பங்கை ஸ்பீக்கருக்கு வைங்கன்னு நான் சொல்றது அதனாலதான்.

ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பாட்டி விடியக்காலம் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகணும். ராத்திரி சத்தத்தைக் குறைச்சுத்தான் கேக்க முடியும். குறைச்சா முதல்ல காணாமப் போறது மிருதங்கத்தோட தொப்பிப் பக்கம், அந்தக் கனத்த இடப்பக்கச் சத்தம். பேஸை ரெண்டு படி ஏத்தினா ஓரளவு திரும்பி வருது. அதுவும் போதாதுன்னா முன்னால பெரிய ஹெட்ஃபோன் துளை இருக்கு. தகரக் கூரையில மழை அடிக்கிறப்போ எந்த ரிசீவராலும் ஒண்ணும் செய்ய முடியாது, விடுங்க.

எஃப்எம்முக்குப் பெட்டியோட வர்ற வயரை ஜன்னல் சட்டத்துல மேலாக நீட்டி ஒட்டினேன். பள்ளத்துல இருக்கிற வீடுகளுக்கு மலை மறைக்கும். அவங்க கூரைக்கு மேல ஆன்டெனா போட்டாத்தான் சரி வரும். தட்டுச் சுழலியோட எர்த் வயரைப் பின்னால இருக்கிற திருகில மாட்ட மறக்காதீங்க, இல்லாட்டி 'ம்ம்ம்'னு ஒரே இரைச்சல். ஸ்பீக்கர் வயருக்கு அழுத்திச் சொருகிற கிளிப்தான், தடிச்ச வயர் நுழையாது.

டிவியோட ஆப்டிகல் வயரைக் கொடுக்கவோ தனி சப்வூஃபர் (பேஸுக்கு மட்டுமான ஸ்பீக்கர்) மாட்டவோ நினைக்கிறவங்களுக்கு இது ஆகாது, ரெண்டுக்குமே இடம் இல்ல. அகலமும் 43 சென்ரிமீற்றர், சாமிப்படத் தட்டுல வைக்கலாம்னு நினைக்காதீங்க. ஈரச் சுவரை ஒட்டியும் வேண்டாம், மேல துணி போட்டு மூடவும் வேண்டாம், சூடு மேல் பக்கமாத்தான் வெளியேறுது. ஏப்ரல், ஒக்டோபர்ல பின்னேரம் இடி இறங்குற நேரம் சுவிட்சை மட்டும் அணைச்சு வச்சாப் பத்தாது. ப்ளக்கையும் கழட்டணும், ஆன்டெனா வயரையும் கழட்டணும்.