குடிநீர் இணைப்புக்குக் கவுன்சிலர் கையில் பணம் கொடுக்காதீர்கள்

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம்.

எங்கள் வார்டு கவுன்சிலர் பேச்சில் கெட்டிக்காரர். பதவிக்கு வருவதற்கு முன்பே காலிக் குடங்களோடு பெண்களைக் கூட்டிப்போய் ரோட்டில் உட்காருவார். "இந்த போர் தண்ணியை உங்க வீட்டுல குடிப்பீங்களா?" என்று செயல் அலுவலரையே மடக்குவார். கேள்வி நியாயமானதுதான். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், பிள்ளைகள் பல்லெல்லாம் பழுப்புக் கறை. ஓகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-லேயே தொடங்கியது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வீட்டு இணைப்பு கிடையாது. இதைப் பேசியே 2022 பிப்ரவரி தேர்தலில் ஜெயித்தார். நானும் சின்னத்தைப் பார்க்காமல் அவர் வாயைப் பார்த்துதான் ஓட்டுப் போட்டேன்.

ஜெயித்ததும் இணைப்பு கேட்டுப் போனேன். டெபாசிட், ரோடு வெட்டும் கட்டணம், பிட்டர் கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் என்றார். "நீங்க ஆபீசுக்கு அலைய வேண்டாம்ணா, நான் கட்டிடறேன்." கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அதிகாரிகளை அந்த அதட்டு அதட்டுகிற மனிதரிடம் ரசீது கேட்க நாக்கு எழவில்லை.

நாலு மாதம் "அடுத்த வாரம்" என்றே ஓடியது. அப்புறம் ஒரு நாள் பார்த்தால் தோளில் துண்டின் நிறம் மாறியிருக்கிறது. வார்டு வளர்ச்சிக்காகக் கட்சி மாறினாராம். சரி, அது அவர் பாடு, என் பணம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது அந்தக் கட்சியில இருந்தப்ப வாங்கினதுண்ணா. அங்கேயே கொடுத்துட்டேன், அவங்களைக் கேளுங்க." அங்கே போனால், "அவரே எங்களை விட்டுட்டுப் போயிட்டாரு, எங்ககிட்ட வந்து கேக்கறீங்க?"

எம்எல்ஏ கட்சி தாவினால் பதவி போகும், 1985-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் உள்ளாட்சிக்குப் பொருந்தாது. பக்கத்துக் கர்நாடகம் கவுன்சிலர்களுக்கென்று 1987-ல் தனிச் சட்டமே போட்டிருக்கிறது. இங்கே துண்டை மாற்றினால் போதும், நாற்காலி அப்படியே இருக்கும்.

10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டேன். என் பெயரில் விண்ணப்பமே வரவில்லை என்று பதில் வந்தது. திங்கள்கிழமை குறைதீர்ப்பு நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன், அது திரும்பிப் பேரூராட்சிக்கே வந்தது. லஞ்ச ஒழிப்புக்குப் போகலாமா என்று தெரிந்த வக்கீலைக் கேட்டேன். "நீங்க கட்டணம்னு சொல்வீங்க, அவர் லஞ்சம்னு ஆக்கிடுவார்" என்றார். ஊழல் தடுப்புச் சட்டத்தில் வந்த 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளி. கட்டாயத்தில் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பிக்கலாம். எனக்கோ மாதங்கள் ஓடிவிட்டன.

கடைசியில் நானே அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, என் பெயரில் ரசீது வாங்கிப் பணம் கட்டினேன். பிட்டர் கூலியோடு சேர்த்தும் அவர் சொன்னதில் பாதிகூட ஆகவில்லை. நீங்களும் இப்படியே கட்டுங்கள், நடுவில் யாரும் வேண்டாம்.

போன வாரம் டீக்கடையில் அவரே கூப்பிட்டார். "என்னண்ணா, ஓகேனக்கல் தண்ணி நல்லா வருதா?"