துருப்பிடித்த சைலன்சர்: ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா?

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காலையில் வேனை ஸ்டார்ட் செய்தால் சைலன்சர் வாயில் தண்ணீர் சொட்டும். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி, குளிர்ந்த குழாயில் பட்டுத் தண்ணீராகிறது. தோட்டத்திலிருந்து பாடசாலை, பாடசாலையிலிருந்து கடை என்று கிட்டத்து ஓட்டம் மட்டும் ஓடும் வண்டியில் குழாய் முழுதாகச் சூடேறாது, தண்ணீரும் காயாது. அதனால் துரு உள்ளிருந்தே தின்றுகொண்டு வரும். வெளியில் ஒரு ஓட்டை தெரியும்போது உள்ளே நிலைமை இன்னும் மோசமாக இருக்கலாம்.

ஒட்டு வெல்டிங் மலிவு. பெரும்பாலும் அன்றைக்கே வண்டி கைக்கு வந்துவிடும். ஆனால் முதலில் ஸ்க்ரூடிரைவரால் ஓட்டையைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் ஒட்டு நிற்கும். சத்தம் மந்தமாகி, தகடு உள்ளே அமுங்கினால், வெல்டிங் சூடே அதைப் பெரிய ஓட்டையாக்கிவிடும். மூட்டிலோ நேர்க்குழாயிலோ விழுந்த ஒற்றை ஓட்டைக்கு நான் ஒட்டுதான் சொல்வேன். பற்றரி வயரைக் கழற்றிவிட்டே வெல்டிங் செய்யச் சொல்லுங்கள்.

சைலன்சர் பெட்டியே அரித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையது மலிவாகக் கிடைக்கலாம். அதையும் தட்டிப் பார்த்தே வாங்குங்கள். மூட்டில் புகை கசியாமல் வைக்கும் கேஸ்கட்டையும், சைலன்சரைத் தாங்கும் ரப்பரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

பிள்ளைகளை ஏற்றும் வேன் என்றால் தள்ளிப்போடாதீர்கள். குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறோம். ஓட்டை வழியே உள்ளே வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.